பிச்சாவரம் போறவங்க துடுப்பு போட்லயே போங்க, மூணு தடவ போயிட்டு வந்து சொல்றேன்

கல்யாணம் ஆகி பதினாறு வருஷமாச்சு, எங்க தண்ணிய பாத்தாலும் நானும் எங்க வீட்டுக்காரரும் போட்ல ஏறிடுவோம். கொடைக்கானல் ஏரில பெடல் போட், ஒகேனக்கல்ல பரிசல், ஆலப்புழால ஹவுஸ்போட்னு எல்லாம் போயாச்சு, ஆனா திரும்பத் திரும்ப போகத் தோணுறது சிதம்பரம் பக்கத்துல இருக்குற பிச்சாவரம் சதுப்புநிலக் காடுதான். போன மாசம் போனது மூணாவது தடவ.

முதல் தடவ சீக்கிரம் சுத்திட்டு வந்துடலாம்னு நாங்களா மோட்டார் போட் எடுத்தோம். அகலமான தண்ணில ஒரு ரவுண்டு, காதுல இஞ்சின் சத்தம், கிட்ட போறதுக்குள்ள கொக்கு நாரை எல்லாம் பறந்துடுச்சு, காட்டுக்குள்ள போகவே இல்ல. சின்ன வாய்க்கால்ல நுழையணும்னா துடுப்பு போட்தான். ரெண்டாவது தடவ அதுல போனப்பதான், அடடா இத்தன நாளா இத பாக்காம விட்டுட்டோமேன்னு இருந்துச்சு.

உள்ள போனதும் வெயிலே மாறிடுது. சுரபுன்னை வேர் ரெண்டு பக்கமும் வளைஞ்சு தண்ணில இறங்கி நிக்குது, மேல கிளை எல்லாம் சேந்து பந்தல் போட்ட மாதிரி, படகுக்காரர் "தலைய குனிஞ்சுக்கங்கம்மா"ன்னுட்டு துடுப்ப உள்ள வச்சுட்டு வேரப் புடிச்சு இழுத்தே போட்ட நகத்துறார். அந்த மரத்துல விதை மரத்துலயே முளைச்சு முருங்கக்கா மாதிரி தொங்கும், விழுந்தா நேரா சேத்துல குத்தி நின்னு அப்படியே வளரும். வெண்கண்டல் மரம் மூச்சு விடுறதுக்கு வேர சேத்துக்கு மேல ஆணி ஆணியா நீட்டிகிட்டு இருக்கு. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு வந்துச்சே, அந்தத் தில்லை மரத்த மாயவரத்துல பொறந்து வளந்த நான் முதன்முதலா பாத்தது இங்கதான் (அதோட பாலு கண்ணுல படக்கூடாது, கிளைய ஒடிக்காதீங்க).

2004 சுனாமில இந்தக் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்க அவ்வளவா அடி வாங்காம தப்பிச்சுது. அத படகுக்காரர் துடுப்பு போட்டுகிட்டே சொன்னப்ப நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் எதுவுமே பேசல, அந்த வேர தொட்டுத் தொட்டுப் பாத்துகிட்டே வந்தோம்.

ஆலப்புழா பத்தியும் கேப்பீங்க. பத்தாவது கல்யாண நாளுக்கு போனோம், ராத்திரி பூரா மிதந்துகிட்டே இருக்கலாம்னு ஆசையா போனா சாயங்காலம் அஞ்சரைக்கே கரையில கட்டிட்டாங்க. மீன்காரங்க வலை போடுற நேரம், அப்ப ஓட்டக்கூடாது, அது நியாயம்தான், ஆனா புக் பண்ணி குடுத்தவர் முன்னாடியே சொல்லிருக்கணும்ல? ராத்திரி பூரா பக்கத்து போட் ஜெனரேட்டர் சத்தம். மறுநாள் விடிகாலைல சின்ன தோணி ஒண்ணு எடுத்து குட்டநாட்டு வாய்க்கால்ல போனோம், தண்ணி மேல நாங்க போறோம், வரப்புக்கு அந்தப் பக்கம் நெல்லு வயல் எங்களவிட பள்ளத்துல கிடக்கு, கடல் மட்டத்துக்கும் கீழ. அந்த ஒரு மணி நேரம்தான் இன்னிக்கும் மனசுல நிக்குது, ஏசி ரூம் இல்ல.

பிச்சாவரம் போறவங்களுக்கு: சிதம்பரத்துல இருந்து கிள்ளை வழியா சுமார் 15 கிலோமீட்டர். காலைலயே போயிடுங்க, வெயில் ஏறிட்டா உக்கார முடியாது, தொப்பியும் தண்ணி பாட்டிலும் கட்டாயம். டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி இப்ப கடல் தண்ணி ஏத்தமா வத்தமான்னு கேட்டுக்கங்க, தண்ணி வத்திட்டா உள் வாய்க்கால்ல போட் போகாது. லைஃப் ஜாக்கெட்ட போட்டோக்காகக் கூட கழட்டாதீங்க. பிஸ்கட் கவர் ஒண்ணு கூட தண்ணில போடாதீங்க, ப்ளீஸ்.

இன்னொண்ணு, நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் துடுப்ப நிறுத்தச் சொல்லுங்க. நாங்க போன மாசம் கேட்டோம், படகுக்கார அண்ணன் சிரிச்சுகிட்டே நிறுத்துனார். மீன் துள்ளுற சத்தம், எங்கயோ தூரத்துல கடல் சத்தம், வேற ஒண்ணுமே இல்ல. எங்க வீட்டுக்காரர் மெதுவா "மார்கழில பறவைங்க நிறைய வருமாம், அப்ப இன்னொரு தடவ வருவோமா"ன்னாரு. லீவு சொல்லியாச்சு.