ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டுநர் அடையாளக் கருவி: எட்டு மாத அனுபவம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்லும் வேன்கள் நான்கு என்னிடம் உள்ளன. நிரந்தர ஓட்டுநர்கள் மூவர்தான். சனி, ஞாயிறுகளிலும் கோடை விழா நாட்களிலும் அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கத்திலிருந்து ஆக்டிங் டிரைவர்களை அழைத்துக்கொள்வது வழக்கம். ஒரே வண்டியை ஒரு நாளில் இருவர் ஓட்டுவதும் உண்டு. பிரேக் பேட் சீக்கிரம் தேய்ந்துவிட்டாலோ டீசல் கணக்கு உதைத்தாலோ, "அன்னிக்கு நான் ஓட்டலைங்க" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயணிகள் சேவை வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இருப்பிடங்காட்டும் கருவி என் வண்டிகளிலும் இருக்கிறது. ஆனால், வண்டி எங்கே போயிற்று என்று அது சொல்லுமே தவிர, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் யார் என்று சொல்லாது. அதற்காகத்தான் எட்டு மாதங்களுக்கு முன்பு, வண்டிக்கு 8,200 ரூபாயும் ஆண்டுச் சந்தாவாக 2,500 ரூபாயும் கொடுத்து, நகரில் உள்ள ஒரு கடையில் ஓட்டுநரை அடையாளம் காட்டும் இந்தக் கருவியைப் பொருத்தினேன்.

ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய எஃகு வில்லை ஒன்று தரப்படுகிறது. அதனுள் வேறெந்த வில்லைக்கும் இல்லாத 64 பிட் எண் பதிந்திருக்கும். டாஷ்போர்டில் உள்ள குழியில் அதை ஒரு நொடி வைத்தால் பஸ்ஸர் அடங்கும். வண்டியும் ஸ்டார்ட் ஆகும். மின்கலம் தேவையில்லை என்பதாலும் மழை, தூசி, எண்ணெய்க் கை எதற்கும் அசராது என்பதாலும் அட்டையைவிட இதுவே நம் வேலைக்கு ஏற்றது. இரண்டாவது வாரத்தில் ஒரு வண்டியைத் துடைத்தபோது, ஒருவருடைய வில்லை ஸ்டியரிங்குக்கு அடியில் நூலில் கட்டித் தொங்குவதைக் கண்டேன். யார் ஏறினாலும் அதையே வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு வில்லையை அவரவர் வீட்டுச் சாவிக்கொத்திலேயே கோத்துக் கொடுத்துவிட்டேன். வீட்டுச் சாவியை யாரும் வண்டியில் விட்டுப் போவதில்லை.

கடுமையான குறை ஒன்று உண்டு. கொண்டை ஊசி வளைவு ஒன்றில், பயணிகள் நிறைந்த வண்டி ஏற்றத்தில் ஆஃப் ஆகிவிட்டது. ஓட்டுநர் செல்ஃப் அடித்தும் இன்ஜின் சுற்றவில்லை. இன்ஜின் நின்று பத்து நொடி கழிந்தால் வில்லையை மறுபடி வைக்க வேண்டும் என்று கடைக்காரர் அமைத்திருந்ததே காரணம். ஒரு காலைப் பிரேக்கில் ஊன்றி, ஒரு கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி, மறுகையால் சட்டைப் பையில் வில்லையைத் தேடியிருக்கிறார். பின்னால் ஒரு பேருந்து நின்றிருக்கிறது. மறுநாளே அந்த அவகாசத்தை இரண்டு நிமிடமாக மாற்ற வைத்தேன். வாங்குபவர்கள் இதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவியின் ரிலே (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஸ்டார்ட்டரை மட்டுமே தடுக்க வேண்டும். ஓடும் இன்ஜினை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஓட்டும் முறையைக் கணிக்கும் பகுதிதான் எனக்கு அதிக மன வருத்தத்தைத் தந்தது. இருபது ஆண்டுகளாக இந்த மலையில் ஓட்டும் மூத்த ஓட்டுநருக்கு நூற்றுக்கு 41 மதிப்பெண் வந்தது. "அந்த வளைவுல இருபதுக்கு மேல போகவே இல்லைங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினாலே பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் ஏறக்குறைய 0.3 பங்கு ஆகிவிடும்; சமவெளிக்காக வைத்த வரம்பு அதை முரட்டுத் திருப்பம் என்று எழுதிவிடுகிறது. இறக்கத்திலும் இதே கதைதான். ஐந்து பாகைச் சரிவில் வண்டி சீராக இறங்கினாலும், முடுக்கமானி (வேக மாற்றத்தை அளக்கும் உணரி) புவியீர்ப்பில் 0.09 பங்கு அளவுக்குப் பிரேக் பிடித்ததாகவே காட்டும். மென்மையாக மிதித்த பிரேக்கும் அதோடு சேர்ந்து முரட்டுப் பிரேக் ஆகிவிடும். சரிவைக் கழித்துக் கணக்கிடும் வசதி இந்தக் கருவியில் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்குபவரை இந்த மதிப்பெண்ணைக் கொண்டு எடைபோடுவது அநியாயம். ஆகவே மலைப்பாதையை வரைபடத்தில் தனிப் பகுதியாகக் குறித்து, அங்கே வரம்பை உயர்த்திவிட்டேன். அந்த மதிப்பெண்ணைச் சம்பளத்தோடு சேர்ப்பதில்லை என்று மூவரிடமும் சொல்லியும் விட்டேன்.

இதற்கு மாறாக, வண்டியின் கணினித் தகவலை எடுக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டிலிருந்து வரும் ஆர்.பி.எம். தகவல், அதாவது நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு, பொய் சொல்வதில்லை. வேகம் 35 ஆக இருக்கும்போது இன்ஜின் 800 சுற்றில் நின்றால், இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்வது இது. இன்ஜின் பிடிமானம் போய், மொத்தப் பாரமும் பிரேக்கில் விழுந்து சூடேறுகிறது. ஆக்டிங் டிரைவர் ஒருவரிடம் இதைத் திரையில் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. இப்போது இரண்டாவது கியரிலேயே இறங்குகிறார்.

நான் எதிர்பாராதது ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வண்டியின் பதிவில் ஆறு மணி நேரம், இன்னொன்றில் ஐந்து மணி நேரம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குறையில்லை. செயலியில் ஓட்டுநர் பெயரைத் தட்டியபோதுதான் இரண்டையும் ஓட்டியவர் ஒருவரே என்று தெரிந்தது. பதினொரு மணி நேரம், அதில் இரண்டு முறை மலையேற்றம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்த அளவு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. இரண்டாவது ட்ரிப்புக்கு அவரை அனுப்பியவன் நான். அவர் என்னிடம் ஒரு வார்த்தை முறையிடவில்லை. அன்றிலிருந்து ட்ரிப் எழுதுவதற்கு முன்பு, வண்டிப் பட்டியலை விட்டுவிட்டு ஓட்டுநர் வாரியான மணிக்கணக்கைப் பார்க்கிறேன். கொடுத்த பணம் முழுவதும் இந்த ஒரு பக்கத்துக்கே தகும்.

மலையில் செல்பேசி சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் கருவி பதிவுகளைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பிவிடுகிறது. இதுவரை எதுவும் தொலையவில்லை. ஆனால் ஓட்டுநர் தம் பதிவைத் தாமே பார்க்கும் வசதி செயலியில் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை நானே அச்செடுத்து மூவருக்கும் கொடுக்கிறேன். அந்த வசதியும் சரிவுக் கணக்கும் எப்போது வரும் என்று கடையில் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை மூன்று வண்டிகளுக்கு மட்டும் சந்தாவைப் புதுப்பிக்கிறேன்.