நிக்கான் டி750: சின்னக் கைக்கு ஒரு பழைய பாடி

சேலத்தில் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்றால் பெண் போட்டோகிராபர் கிடைப்பாரா என்று தேடுகிறார்கள். அப்படித் தேடி வருகிறவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. முகூர்த்த நாளில் விடியற்காலை கையில் ஏறும் கேமரா, பந்தி முடிந்த பிறகுதான் இறங்கும். என் கை சின்னது, வளையல் கடையில் 2.2 கேட்கிற கை. அதனால் செகண்ட் ஹேண்டில் ஃபுல் ஃபிரேம் பாடி, அதாவது பெரிய சென்சார் உள்ள, லென்ஸ் இல்லாத கேமரா, வாங்கப் போனபோது மெகாபிக்சலைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. கையில் நிற்குமா, அவ்வளவுதான் கேள்வி.

கடையில் என் பட்ஜெட்டை ஒட்டி மூன்று இருந்தன. கேனான் 5டி மார்க் 3, நிக்கான் டி750, சோனி ஏ7 மார்க் 3. முறையே 2012, 2014, 2018-இல் வந்த மாடல்கள். படத்தின் தரத்தில் மூன்றுமே கல்யாண ஆல்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

பேட்டரி, கார்டோடு சேர்த்து கேனான் 950 கிராம், நிக்கான் 840, சோனி 650. இதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் சோனியைத்தான் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் வெறும் பாடியை வைத்துக்கொண்டு தாலி கட்டுவதை எடுக்க முடியாதே. நமக்குச் சோறு போடுகிற 24-70 2.8 லென்ஸை, அதாவது கூட்டத்தையும் முகத்தையும் மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கிற ஜூமை, மாட்டிப் பாருங்கள். கேனானின் இரண்டாம் பதிப்பு 805 கிராம், நிக்கானின் ஜி லென்ஸ் 900, சோனியின் ஜிஎம் 886. கூட்டினால் கேனான் 1,755, நிக்கான் 1,740. பதினைந்து கிராம்தான் வித்தியாசம். சோனியும் 1,536 ஆகிவிடுகிறது. இதற்கு மேல் ஃபிளாஷ் வேறு. அந்த எடையைக் கை எப்படித் தாங்குகிறது என்பது எந்த விவரப் பட்டியலிலும் இருக்காது.

கடைத் தம்பி, "ஷட்டர் கவுண்ட் பாருங்க மேடம், கம்மியாதான் ஓடியிருக்கு" என்று, இதுவரை எத்தனை படம் எடுத்த கேமரா என்கிற கணக்கிலிருந்து ஆரம்பித்தார். "அது இருக்கட்டுங்க தம்பி, மூணுலயும் 24-70 மாட்டிக் கொடுங்க, ஃபிளாஷும் வேணும்" என்றேன். மாட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் கண்ணருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். குறுக்கே, அப்புறம் நெடுக்கே. கண்ணை மூடிக்கொண்டு பட்டன்களைத் தேடினேன். இருட்டு மண்டபத்தில் யாரும் பட்டனைப் பார்த்து அமுக்குவதில்லை. "ஒரு போட்டோகூட எடுக்கலையேக்கா" என்றார் தம்பி. அதற்குள் மேடம் அக்காவாகியிருந்தேன்.

கேனானின் கிரிப் பருமனானது, உருண்டையானது. பெரிய கைக்கு அது சொர்க்கம். என் விரல் நுனிகள் அதைச் சுற்றி வளைந்து உட்காரவில்லை. பின்பக்கப் பெரிய சக்கரத்தைத் திருப்பக் கட்டை விரலை இறக்கினால் பிடியே தளர்ந்தது. ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் ஜாய்ஸ்டிக் மட்டும் அருமை, அதை விட மனசே வரவில்லை. சோனியில் கிரிப்பின் உயரம் குறைவு. சுண்டு விரலுக்கு இடமில்லாமல் அடியில் மடிந்துகொள்கிறது. முன்னால் கனமான லென்ஸ் இருப்பதால் மூக்கு கீழே சாய்கிறது, மொத்தப் பாரமும் இடது கைக்குப் போகிறது. கண்ணைத் தேடிப் பிடிக்கிற அதன் ஃபோகஸுக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. வீடியோவும் எடுப்பதென்றால் நானும் அதைத்தான் சொல்வேன்.

டி750-இன் பாடியை நிக்கான் மோனோகாக் முறையில் கட்டியது. தனிச் சட்டம் கிடையாது, முன்பக்கக் கார்பன் ஃபைபர் கலந்த பிளாஸ்டிக் கூடே பாரம் தாங்குகிறது. அதனால் பாடி ஒல்லியாகி, கிரிப்புக்கும் லென்ஸுக்கும் நடுவே ஆழமான இடம் கிடைத்திருக்கிறது. என் விரல்கள் அந்தப் பள்ளத்துக்குள் போய்க் கொக்கி போலப் பற்றிக்கொண்டன. ஆள்காட்டி விரலை நீட்டாமலேயே ஷட்டர் பட்டன். ஆன் செய்கிற சுவிட்சும் அதைச் சுற்றியே இருக்கிறது. கேனானில் அது இடது பக்கம், இன்னொரு கை வேண்டும்.

வளைகாப்பில் இதன் சாயும் திரை தனிச் சுகம். கர்ப்பிணியைச் சுற்றிப் பெரியம்மா, அத்தை, நாத்தனார் எல்லாரும் நெருக்கியடித்து நிற்பார்கள். சந்தனம் பூசிய கையில் வளையல் ஏறுவதை எடுக்க இடுக்கே கிடைக்காது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி, திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மேலிருந்து எடுத்துவிடலாம். இப்படித் திரையைப் பார்த்து எடுக்கிற லைவ் வியூவில் ஃபோகஸ் மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் வளையல் எங்கே ஓடிவிடப் போகிறது?

குறையும் உண்டு. வெளிச்சத்துக்கான உணர்திறனை மாற்றுகிற ஐஎஸ்ஓ பட்டன் திரைக்கு இடப்பக்கம் இருக்கிறது. அதைத் தொட லென்ஸைத் தாங்கும் கையை எடுக்க வேண்டும். நான் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்ச வரம்பு வைத்துவிட்டு அதை மறந்துவிட்டேன். ஃபோகஸுக்கெனத் தனிப் பட்டன் பின்னால் கிடையாது. வெளிச்ச அளவைப் பூட்டுகிற ஏஇ-எல் பட்டனுக்கு அந்த வேலையை மாற்றிக் கொடுக்கலாம். 51 ஃபோகஸ் புள்ளிகளும் நடுவிலேயே குவிந்திருப்பதால் ஓரத்தில் நிற்கும் மாப்பிள்ளைத் தோழனுக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

பழைய டி750 எடுப்பதாக இருந்தால் கிரிப் ரப்பரைக் கட்டை விரலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். வியர்வை பட்டுப் பட்டு ஊதி, விளிம்பில் எழும்பியிருக்கும். கார்டு மூடிப் பக்கம் கட்டாயம் பாருங்கள். மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை, ஆனால் விலையில் குறைத்துக் கேளுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் பகோடா முனையில் ஜோடிகளை எடுக்கிறபோது கையெல்லாம் ஈரமாகிவிடும். வழுக்கிய ரப்பர் அங்கே ஆபத்து. டயல்களை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, தாவுகிறதா என்று பாருங்கள். ஷட்டர் கவுண்ட் ஒரு ஜேபெக் படத்தின் தகவலிலேயே கிடைக்கும், 1,50,000 வரை சோதித்த ஷட்டர் இது. தொடக்கத்தில் வந்த சில பாடிகளில் ஒளிச்சிதறல் பிரச்சினை இருந்து, நிக்கான் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. டிரைபாட் திருகும் குழிக்குள் கறுப்புப் புள்ளி இருந்தால் அது இந்தப் பிரச்சினைக்காக ஏற்கெனவே பார்க்கப்பட்ட பாடி. ஷட்டர் மாற்றித் தரவும் சில தொகுதிகளைத் திரும்ப அழைத்தார்கள், சீரியல் எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

எனக்கு ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் உள்ளே முடிந்தது, கூடுதல் பேட்டரி ஒன்றோடு. பட்டுச் சேலையில் தோள் வார் நிற்காது, குறுக்கு வாராகப் போட்டுக்கொள்ளுங்கள். வியூஃபைண்டரின் ரப்பர் வளையம் பையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் கழன்று விழுகிற ரகம். கேமராவோடு சேர்த்தே உபரியாக ஒன்றிரண்டு வாங்கிவிடுங்கள்.