டர்பனில் வாங்கிய காந்தப் பரிசோதனைப் பெட்டி: ஒரு மதிப்பீடு

சாட்ஸ்வர்த்தில் பள்ளிப் பொருள்கள் விற்கும் கடையொன்றில், பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக, 400 ரேண்டுக்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கிய இறக்குமதிப் பெட்டி இது. இரண்டு சட்டக் காந்தங்கள், ஒரு லாடக் காந்தம், சில வளையக் காந்தங்கள், ஒட்டி மூடப்பட்ட தட்டையான பிளாஸ்டிக் பேழைக்குள் இரும்புத் தூள், ஓர் ஆணி, செம்புக் கம்பி, மின்கலத் தாங்கி, ஒரு திசைகாட்டி, வண்ணப் படங்களுடன் ஒரு கையேடு ஆகியவை உள்ளே இருக்கின்றன.

விலைக்கு ஈடாக நிற்பது இரும்புத் தூள் பேழைதான். தூள் சிந்தாது, காந்தத்தில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்காது. சட்டக் காந்தத்தின் மேல் பேழையை வைத்து விரலால் மெல்லத் தட்டினால், ஒவ்வொரு துகளும் தானே ஒரு சிறு காந்தமாகி, தன்னிடத்தில் புலம் எத்திசையில் இருக்கிறதோ அத்திசையில் திரும்பி நிற்பதையும், முனைகளுக்கருகில் கோடுகள் நெருங்கியும் நடுப்பகுதியின் ஓரங்களில் விலகியும் அமைவதையும் தெளிவாகப் பார்க்கலாம். இரண்டு வடமுனைகளை எதிரெதிரே வைத்தால், நடுவில் எந்தப் பக்கமும் சாராமல் தூள் சிதறிக் கிடக்கும் இடமொன்று உருவாகிறது. இரு புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் அந்த இடத்தைக் கையேடு சுட்டிக்காட்டாதது வியப்பு. சட்டக் காந்தங்கள் ஃபெரைட்டால் ஆனவை. பீங்கானைப் போல நொறுங்கக்கூடியவை. ஒன்று மேசையிலிருந்து விழுந்து இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டு ஒவ்வொன்றிலும் வடமுனையும் தென்முனையும் சேர்ந்தே இருப்பதை மகள் தானாகவே கண்டுகொண்டாள் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மனமில்லை.

மின்காந்தப் பகுதி சுமார். கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சை இரு நுனிகளிலும் உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் மின்னோட்டமே பாயாது. கையேட்டில் அது சொல்லப்படவில்லை. தேய்த்த பிறகு ஆணி காகிதக் கவ்விகளை நன்றாகவே தூக்குகிறது, ஆனால் நீண்ட நேரம் இணைத்து வைத்தால் கம்பியும் மின்கலமும் சுடுகின்றன. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் ஆர்ஸ்டெட் கண்டதைக் கையேடு ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கேப் டவுனின் ரயில் பாதைகள் மின்மயமாகி அளவீடுகளைக் குலைத்ததால் அங்கிருந்த காந்த ஆய்வகம் 1941-இல் ஹெர்மானஸுக்கு இடம் மாறியது என்ற நம் நாட்டுச் செய்தியையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த ஒரு வரியின் கனம் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

பெட்டியின் பெருங்குறை திசைகாட்டி. அதன் ஊசி சமமாக மிதக்காமல், தென்முனை கீழே இறங்கி அடித்தட்டை உரசுகிறது. கையில் எடுத்துச் சாய்த்தால்தான் அசைகிறது. ஊசி பழுதானதன்று, வேறொரு ஊருக்காகச் செய்யப்பட்டது. வடகோளத்தில் புவியின் காந்தப்புலம் ஊசியின் வடமுனையைக் கீழே இழுப்பதால், அதை ஈடுகட்டத் தென்முனைப் பக்கத்தைச் சற்றுக் கனமாக்குவார்கள். டர்பனிலோ புலம் தரையிலிருந்து 60 பாகைக்கும் மேலான சாய்வில் மேல்நோக்கி எழுவதால், இயல்பாகவே கீழிறங்கும் தென்முனையை அந்தக் கூடுதல் எடை இன்னும் அழுத்துகிறது. ஊசியைக் கிடையாகத் திருப்பும் விசையும் இங்கே குறைவு. சென்னையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். காந்த நடுக்கோட்டையொட்டிய திருநெல்வேலியில் தொங்கவிட்ட ஊசி ஏறக்குறைய கிடையாகவே நிற்கும் என்று சொன்னபோது, நம் முன்னோரின் ஊர்ப்பக்கம் இப்படியா என்று மகள் கேட்டாள். காந்தச் சரிவு என்ற பாடம் அவளுக்கு அங்கேதான் பிடிபட்டது.

ஊசி ஒழுங்காகச் சுழன்றாலும் அது காட்டுவது உண்மையான வடக்கை அல்ல. டர்பனில் காந்த ஒதுக்கம் மேற்கே சுமார் 25 பாகை. தென்னிந்தியாவில் கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு, இங்கே வரைபடத்தை விரித்து வைத்து வழி பார்ப்பவரைத் தவறான பள்ளத்தாக்கில் இறக்கிவிடும். ஆனால் கையேடு ‘ஊசி வடக்கை நோக்கி நிற்கும்’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. புலக்கோடுகளையும் அது காந்தத்துக்கு வெளியே மட்டுமே வரைந்திருக்கிறது. காந்தத்தின் உள்ளே தென்முனையிலிருந்து வடமுனைக்குச் சென்று கோடு ஒரு முழு வளையமாக மூடுவதைப் பிள்ளைகள் பாடநூலிலிருந்துதான் அறிய வேண்டும்.

நியோடிமியக் காந்தக் குண்டுகள் எதுவும் பெட்டியில் இல்லாதது நிம்மதி. சிறு குழந்தைகள் அவற்றில் இரண்டை விழுங்கினால் குடற்சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும். தம்பி தங்கைகள் உள்ள வீட்டில் அத்தகைய பெட்டிகளைத் தவிர்ப்பதே நல்லது.

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து விளக்க முடியுமானால், இந்தப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். திசைகாட்டியை மட்டும் மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடையில், தென்கோளத்துக்குச் சமன்செய்யப்பட்டதா என்று கேட்டு, கடையிலேயே கிடையாகப் பிடித்து ஊசி தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்துத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.