கடலூர், புதுவை பைக் நண்பர்கள் கவனத்துக்கு: டயர் கடையில் 9,850 ரூபாய் ஏமாந்தேன்

சற்று முன்புதான் அந்தக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். கடலூரில் எல்லா கம்பெனி டயரும் விற்கிற ஒரு கடை, பெயர் போடவில்லை. என் யமஹா ஆர்15-க்கு முன்னும் பின்னும் அங்கே புது டயர் மாட்டினேன். மாட்டுக்கூலி, நைட்ரஜன் எல்லாம் சேர்த்து 9,850 ரூபாய். ஓடியது 24 நாள்.

வீடு மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். போக வர தினமும் 45 கிலோமீட்டர் ஆகிவிடும். காலையில் பின்னால் தங்கை உட்கார்ந்திருப்பாள், அவளை மரப்பாலத்தில் இறக்கிவிட்டுத்தான் ஆபீஸ் போவேன். பழைய டயரில் பட்டன் தேய்ந்துவிட்டது, மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று போனேன்.

கடைக்காரர் அவ்வளவு நன்றாகப் பேசினார். டீ வரவழைத்துக் கொடுத்தார். டயர் மாட்டி முடித்து காற்று அடிக்கும்போது நான் கேட்டேன், "அண்ணே, முன்னால 29, பின்னால 33 தானே?" அவர் சிரித்தார். "தம்பி, அது வண்டியோட வந்த டயருக்கு. இந்த டயருக்கு எவ்வளவுன்னு டயர்லயே இருக்கு பாருங்க" என்று சொல்லி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டை ஒரு அழுக்குத் துணியால் துடைத்து, செல்போன் டார்ச் அடித்துக் காட்டினார். 42 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று நிஜமாகவே அச்சாகியிருந்தது. "கம்பெனிக்காரனே போட்டிருக்கான், அப்புறம் என்ன?" என்றார். கண்ணால் பார்த்தபின் எனக்கு வேறென்ன சந்தேகம் வரும்? முன்னாலும் 42, பின்னாலும் 42. பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா ரேட்டு ஏறும் தம்பி, வாரண்டிக்கு நான் இருக்கேன்" என்று ஒரு துண்டுச் சீட்டில் 9,850 என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பணத்தை ஜிபே செய்தேன்.

மறுநாளிலிருந்தே வண்டி கட்டை வண்டி மாதிரி குதித்தது. கிருமாம்பாக்கத்தில் ஒரு வேகத்தடை ஏறினால் முதுகில் யாரோ தட்டுவது போல இருக்கும். புது டயர், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு தூறல் நாளில் பிரேக் பிடித்தபோது பின் சக்கரம் ஒரு முழம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அப்போதே நின்று பார்த்திருக்க வேண்டும்.

24-ஆம் நாள், சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டி ஒரு பள்ளம். பெரிய பள்ளம்கூட இல்லை. 'டங்' என்று ஒரு சத்தம். அரியாங்குப்பத்தில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். அங்கிருந்த பெரியவர் கையால் டயரைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. உள்ளே நூல் அறுந்துவிட்டது, இனி எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் என்றார். காற்று அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தார், 46. "யாரு தம்பி இப்படி அடிச்சது?" என்றார். வெயிலில் ஓடி வந்த சூட்டுக்கு நாலு ஏறும்தான், ஆனால் ஆரம்பமே 42 என்பதுதான் தப்பு.

அவர்தான் விளக்கினார். டயரில் அச்சாகியிருக்கும் 42, அந்த டயர் அதன் முழுச் சுமையை, என் பின் டயருக்கு 300 கிலோவை, சுமக்கும்போது வைக்கிற அதிகபட்ச அளவு. வண்டிக்கு எவ்வளவு என்பதை வண்டி செய்தவன்தான் சொல்ல முடியும். காற்று கூடினால் டயர் கல் மாதிரி நின்று, நடுப்பகுதி மட்டும்தான் ரோட்டில் படும். பிடிமானம் போய்விடும், பள்ளத்தில் விழுகிற அடியும் நேராக உள்நூலுக்குப் போகும். அப்புறம் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 3418. 2018-ஆம் வருடம் 34-ஆவது வாரம் செய்தது. முன் டயரும் 2018-தான். பட்டனுக்கு நடுவே நகத்தால் கீறினது போல வெடிப்பு. புது டயர் என்று சொல்லி கிடங்கில் வருஷக்கணக்காகக் கிடந்ததை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடைக்குப் போனேன். "ஓனர் இல்ல, சாயங்காலம் வாங்க." சாயங்காலம் போனால், "கம்பெனி ஆள் புதன்கிழமை வருவார்." புதன்கிழமை யாரும் வரவில்லை. போன் செய்தால் கட் செய்கிறார். இன்று நேரில் பிடித்தேன். டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பையனை விட்டு காற்று அளக்கச் சொன்னார், 42 காட்டியது. உடனே, "காத்து ஓவரா வெச்சிருக்கீங்க. ஆர்15-க்கு 33 தானே? இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்கிறார். டார்ச் அடித்துக் காட்டிய அதே மனிதர்! நீங்கள்தானே அடித்தீர்கள் என்றதற்கு, "பில் இருக்கா?" என்றார். 9,850 ரூபாய். என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. பணத்தைக்கூட விடுங்கள், பின்னால் என் தங்கை இருந்தாள்.

நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசரமாகச் சில. காற்றின் அளவை வண்டியின் கையேட்டிலோ, செயின் கவர் அல்லது பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ பாருங்கள். டயரில் எழுதியிருப்பதை வைத்து யாரையும் அடிக்க விடாதீர்கள். ஆர்15-க்கு முன்னால் 29, பின்னால் 33. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டுகிறது என்று இறக்கிவிடாதீர்கள், காற்று குறைந்தாலும் டயர் சூடேறிக் கெடும். மாட்டுவதற்கு முன்னால் அந்த நான்கு எண்களைப் பாருங்கள். பில்லில் டயர் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னிடம் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்தத் துண்டுச் சீட்டும்தான் இருக்கின்றன. காலையில் 1915-க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைக்கப் போகிறேன். இதே மாதிரி துண்டுச் சீட்டை வைத்துப் புகார் கொடுத்துப் பணம் திரும்ப வாங்கியவர்கள் இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். இன்று நான் வெளியே வரும்போதுகூட ஒரு பையன் தன் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனான். "ஸ்டிக்கரைப் பாருப்பா" என்றேன். கம்பிரசர் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.