லைவ் ஆப்பில் "ஜிபே பண்ணுங்க அண்ணா" என்றால் உஷார்: 38,500 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும். பிகே, அதாவது யாருக்கு அதிக கிஃப்ட் விழுகிறது என்று லைவில் மோதும் போட்டி, போடுகிற லைவ் ஆப் ஒன்றில் நிறைய ஃபாலோயர்ஸ் உள்ள ஒரு ஹோஸ்ட் (லைவ் நடத்துகிற பெண்) என்னிடம் 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பிளாக் பண்ணிவிட்டாள்.

காசு கட்டி ஆப்பில் காயின் ரீசார்ஜ் பண்ணி லைவில் நான் போட்ட கிஃப்ட்டுக்கெல்லாம் எனக்குப் புகாரே இல்லை. "இவ்வளவுதான் உங்க கெத்தா"ன்னு எல்லார் முன்னாலும் அதட்டித்தான் வாங்குவாள், அந்த அதட்டலுக்காகவே காசு போடுகிற கூட்டம் உண்டு, நானும் தெரிந்தேதான் போட்டேன். இந்த 38,500 அந்தக் கணக்கில் வராது. இது கடன்.

அன்றைக்கு பிகே முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் கேமராவை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். தட்டில் தோசை, பக்கத்தில் சார்ஜரில் இன்னொரு போன். "சாப்பிட்டீங்களா அண்ணா"ன்னு என் பெயரைச் சொல்லிக் கேட்டாள், அதட்டலே இல்லாத குரல். அப்புறம் இன்பாக்ஸில் வந்தாள். ஹோஸ்ட்களை வேலைக்கு வைத்திருக்கும் ஏஜென்சி கொடுத்த டார்கெட் முடியவில்லையாம், முடியாவிட்டால் இந்த மாதச் சம்பளமே கிடையாதாம், கிஃப்ட்டாகப் போட்டால் ஆப்காரன் பெரும்பங்கை எடுத்துக்கொள்வான், நேராக ஜிபே பண்ணுங்க, 10ஆம் தேதி பேமென்ட் வந்ததும் திருப்பித் தர்றேன் என்றாள். க்யூஆர் ஸ்கேன் பண்ணினால் ஏதோ ஒரு ஆணின் பெயர் வருகிறது. கேட்டேன். "அது ஏஜென்சி அண்ணன்தான், என்மேல நம்பிக்கை இல்லையா?" அனுப்பிவிட்டேன்.

10ஆம் தேதி கேட்டால் "நாளைக்கு". மறுநாள் "நெட் சரியில்லை". அதற்கப்புறம் "கிஃப்ட் கொடுத்துட்டு திருப்பிக் கேக்குறீங்களே ப்ரோ". லைவிலேயே கமெண்ட்டில் கேட்டேன், அவளுடைய அட்மின் மியூட் பண்ணி ரூமை விட்டே தூக்கிவிட்டான். கஸ்டமர் கேரில் ஆப்புக்கு வெளியே நடந்த பணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதிலை ஒட்டி அனுப்புகிறார்கள். பேங்கில் "நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே சார்" என்கிறார்கள். 38,500 சார், சும்மாவா!

எதையெல்லாம் பார்க்கணும்னு விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். க்யூஆரில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்குப் போன் போடுங்கள், லேட்டானால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிடும். கேட்டுச் சண்டை போடும் முன்னாலேயே சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், என்னிடம் பாதிதான் இருக்கிறது, மீதியை அவள் அழித்துவிட்டாள்.