பாலியில் டாலர் மாற்றப் போகிறீர்களா?

பாலித் தீவுக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் அங்கே குட்டா என்கிற கடற்கரை ஊரில், டாலர் மாற்றும்போது நான் ஏமாந்தேன். மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். நோட்டு எண்ணுவதில் என்னை எவனும் ஏய்க்க முடியாது என்ற நினைப்பு வேறு.

அன்று மற்ற இடங்களில் டாலருக்கு 16,200 ரூபியா (இந்தோனேசியப் பணம்). கடற்கரைக்குப் போகிற சந்தில், பனியனும் தொப்பியும் விற்கும் ஒரு கடை வாசலில் மட்டும் 16,500 என்று எழுதியிருந்தார்கள். கமிஷன் கிடையாதாம். வாசற்படியில் தென்னங்குருத்துத் தட்டில் பூ, ஊதுபத்தி. சனாங் சாரி என்கிற தினப்படையல் அது. சாமிக்குப் பயந்தவர்கள் என்று நினைத்தேன். பாலியில் எல்லா வாசலிலும் அது இருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

200 டாலர் கொடுத்தேன். 33 லட்சம் ரூபியா வரவேண்டும். மேசையில் இருந்தவன் பெரிய நோட்டு இல்லை என்று எல்லாவற்றையும் ஐம்பதாயிரமாகவே எடுத்தான். பத்துப் பத்தாக ஆறு அடுக்கு, தனியாக ஆறு நோட்டு. அவன் எண்ணினான், நான் எண்ணினேன், சரியாகத்தான் இருந்தது. எடுக்கப்போன நேரத்தில் ‘ஒன் மோர் செக், சார்’ என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தன் பக்கம் இழுத்தான். கட்டை மேசை விளிம்பில் இரண்டு தடவை தட்டினான். அதே நேரம் பக்கத்திலிருந்தவன் ‘இந்தியாவா? ஷாருக் கான்!’ என்று பேச்சுக் கொடுத்தான். ரப்பர் பேண்டு போட்டுக் கையில் வைத்தான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலையில் உலுவாட்டு கோயிலில் கேச்சக் என்கிற ராமாயண ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கும் வரிசை. மனைவி கட்டைப் பிரித்தாள். ‘என்னங்க, 58தானே இருக்கு?’

எட்டு நோட்டு, 4 லட்சம் ரூபியா. நம் காசுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். தட்டும்போது விளிம்புக்குப் பின்னால் நழுவ விட்டிருக்கிறான். கடலில் சூரியன் இறங்குகிறது, வட்டமாக உட்கார்ந்த ஆண்கள் ‘சக் சக்’ என்று குரலெழுப்புகிறார்கள், அனுமன் வருகிறார். என் கண்ணில் அந்த மேசை விளிம்புதான் நின்றது. அந்தக் கோயில் குரங்குகளும் திருட்டுக்குப் பேர்போனவை. மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். பழம் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடும். அந்த நாணயம்கூட இவனிடம் இல்லை.

மறுநாள் போய்க் கேட்டேன். எண்ணிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றான். வேண்டுமானால் ரத்து செய்கிறேன், 10 சதவீதம் கமிஷன் என்றான். உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். சரி என்று திரும்பிவிட்டேன்.

நீங்கள் எண்ணி முடித்த பணத்தை அவன் மறுபடி தொட்டால், முதலிலிருந்து எண்ணுங்கள். அதுவரை டாலரைக் கையை விட்டு விடாதீர்கள். துணிக்கடை, டாட்டூ கடைக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தால் ஏறவே வேண்டாம். அந்த நாட்டு மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியாவின் அனுமதி உள்ள இடங்கள் இருக்கின்றன. ஆனால் அனுமதிப் பலகையை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், போலிப் பலகையும் மாட்டிவைக்கிறார்கள். கண்ணாடித் தடுப்பு, எண்ணும் இயந்திரம், ரசீது இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த 100 டாலரை அப்படி ஓர் இடத்தில் 16,150க்கு மாற்றினோம். இயந்திரம் எண்ணியது, கவுண்டரில் இருந்த பெண் எண்ணினாள், மனைவி இரண்டு முறை எண்ணிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். என்னிடம் காட்டவே இல்லை.