மெற்றுக்கு அடியில் ஈரம்: உப்பா, சிலிக்கா ஜெல்லா, பேப்பரா, ஏசியா?

மாரி பிடித்தால் மட்டக்களப்பில் கார், வான் வைத்திருக்கிற பலருக்கும் ஒரே தலையிடி. கதவைத் திறந்ததும் பூஞ்சண வாடை; மெற்றைத் தூக்கினால் கார்பெட் சொதசொதவென்று கிடக்கும். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

கிண்ணத்தில் கல்லுப்பு வைப்பது அதில் ஒன்று. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும். நவம்பர், டிசம்பரில் நம்மூர்க் காற்றுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் கிண்ணத்தில் சேர்வது உப்புத்தண்ணி. பள்ளத்தில் வண்டி குலுங்கிச் சிந்தினால் அடித்தகரம் துருப்பிடிக்கும், பிறகு டிங்கர் வேலைதான். கடையில் டப்பாவில் வரும் கல்சியம் குளோரைட் இன்னும் வேகமாக இழுக்கும். சிந்தினால் சேதமும் அதே மாதிரித்தான். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு வண்டிக்குள்ளும் உப்பை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சிலிக்கா ஜெல் சுத்தமானது, சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் தன் எடையில் 40 சதவீதம் இழுத்தாலே அதிகம். அரைக்கிலோ வைத்தால் 200 கிராம் தண்ணி. கார்பெட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்பொஞ்சோ லீற்றர் கணக்கில் குடித்து வைத்திருக்கும். காய்ந்த வண்டியைக் காய்ந்தபடி வைத்திருக்கத்தான் அது உதவும்.

பழைய பேப்பரை நான் மதிக்கிறேன். மற்றவை காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும். பேப்பர் தண்ணியையே தொட்டு உறிஞ்சும். விரித்து, மேலே ஏறி நின்று மிதித்து, நனைய நனைய மாற்ற வேண்டும். வெளிர் நிறக் கார்பெட்டில் மை ஒட்டும், கவனம்.

ஏசியும் நல்ல உலர்த்திதான். கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுற்றவிட்டு ஓடினால் ஈரம் குழாய் வழியே வெளியே சொட்டும். மழை நாளில் கண்ணாடியை இறக்கி வைப்பதால் பலனில்லை, வெளிக்காற்றே ஈரம். காய்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதவுகளைத் திறந்து வெயிலில் விட்டாலே போதும்.

ஆனாலும் ஸ்பொஞ்சில் தண்ணி இறங்கியிருந்தால் கார்பெட்டைத் தூக்குவதைத் தவிர வழியில்லை. பெருவிரலால் அழுத்துங்கள், நகத்தைச் சுற்றித் தண்ணி மேலே வந்தால் முடிவு எடுத்தாயிற்று. வாசல் பிளாஸ்ரிக்கைக் கழற்றி, கார்பெட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே சிரட்டை இரண்டைச் செருகி, மேசை ஃபேனை இரவு முழுக்க ஓடவிடுங்கள். சீற்றுக்கு அடியிலுள்ள மஞ்சள் வயர் இணைப்பு எயார்பேக்குக்கு உரியது, அதை இழுக்கக் கூடாது. வெள்ளத்தில் வாவித்தண்ணி ஏறியிருந்தால் முதலில் நல்ல தண்ணியில் அலசுங்கள். உப்பு மிஞ்சினால் கார்பெட் திரும்பத் திரும்ப ஈரமாகும்.

தண்ணி வரும் வழியை அடைக்காவிட்டால் இவ்வளவும் வீண். முன் இடப்பக்கம் மட்டும் வாடையில்லாத தெளிந்த தண்ணி என்றால் அநேகமாக ஏசிக் குழாய் அடைப்பு. மழை பெய்தால் மட்டும் நனைகிறதென்றால் வைப்பருக்குக் கீழே தேங்கிய வேப்பஞ்சருகையும் கதவின் அடித்துளைகளையும் பாருங்கள். பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற், நேரே கராஜுக்குப் போங்கள்.

மாரிக்கு றப்பர் மெற்தான் நல்லது. மேலிருந்து வரும் தண்ணியைத் தடுக்கும். அடியிலுள்ள ஈரத்தையும் அது மூடிவிடும் என்பதால், இரவில் கழற்றி வெளியே சாய்த்து வையுங்கள்.